இருக்கையில் இருந்தவர்

சென்னியப்பன் வாகை மின்காரை வாங்கியதற்கு அவருடைய அண்ணன் செத்த விதம்தான் காரணம். சேலத்தில் நூல் விலை பேசி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அண்ணன், சங்ககிரிக்குப் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, ஓரமாக நின்றிருந்த லாரிக்குள் போய்ச் செருகிக்கொண்டார். பட்டப்பகல். சாப்பிட்ட மயக்கம், அவ்வளவுதான். அதே நூல் தரகுத் தொழிலைத் தம்பியும் செய்தார். வீடு சென்னிமலையில், கிடங்கு ஈரோட்டில், வாங்குகிறவர்கள் திருப்பூரில். வாரத்தில் பாதி நாள் அவருக்குச் சாலையில்தான் கழிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அண்ணன் நினைவுக்கு வருவார்.

அந்தச் சமயத்தில்தான் வாகை நிறுவனத்தின் தலைவர் மேடையேறிப் பேசினார். இந்த வண்டியில் கண்கள் இருக்கின்றன, மூளை இருக்கிறது, மென்பொருள் மட்டும் அடுத்த ஆண்டு காற்றுவழியே வந்து இறங்கும், அதன்பிறகு நீங்கள் தூங்கிக்கொண்டே போகலாம் என்றார். அதற்குத் தன்னோட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சென்னியப்பன் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் விலைக்கு வாங்கினார். தன்னோட்டத்துக்கென்று தனியாகவும் முன்கூட்டியே பணம் கட்டினார்.

அடுத்த ஆண்டு வந்தது. தன்னோட்டம் வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தலைவர் மேடையேறினார். பொங்கலுக்குப் பொங்கல் 'அடுத்த ஆண்டு' என்றார். இடையில் வண்டிக்கு வந்து சேர்ந்தவை வேறு. ஹாரனில் நாதஸ்வர ஒலி வந்தது. நிறுத்தியிருக்கும்போது விளையாடச் சதுரங்கம் வந்தது. ஒரு வருடம் திரையில் பானை பொங்கி வழிவதுபோல் படம் வந்தது. அன்றைக்கு சென்னியப்பன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

கேட்டால் சாலை சரியில்லை என்றார்கள். சட்டம் தயாராக இல்லை என்றார்கள். மழை என்றார்கள், மாடு என்றார்கள். ஆனால் புதிய வண்டிகளை அதே வாக்குறுதியைச் சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் வாகை உரிமையாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இணையத்தில் எழுதினார், தொலைக்காட்சியில் பேசினார். "இந்த வண்டி தானா ஒரு முழம்கூட நகராதுங்க. எங்களை ஏமாத்திட்டாங்க" என்று அவர் சொன்ன துண்டுப்படத்தைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பார்த்தார்கள்.

ஒரு ஐப்பசி மாதம், திருப்பூரிலிருந்து திரும்பும் வழியில், விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அவர் நெஞ்சில் ஏதோ பிசகியது. வலிகூட இல்லை. விளக்கை அணைத்ததுபோல் எல்லாம் போய்விட்டது.

கண் விழித்தபோது பெருந்துறை மருத்துவமனையில் இருந்தார். இதயத்தின் துடிப்பு தாறுமாறாகிவிட்டதென்றும், கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றும் மருத்துவர் சொன்னார். தன்னை யார் கொண்டுவந்தார்கள் என்று சென்னியப்பன் கேட்டார். யாரும் கொண்டுவரவில்லை என்றார் மருத்துவர். அவசரப் பிரிவின் வாசலில் கார் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. போய்ப் பார்த்தால், பெல்ட் போட்டபடி அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தார். நினைவு துளியும் இல்லை.

சென்னியப்பன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு அழுதார். வலியால் அல்ல. வண்டி வந்திருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, கடைவீதி வழியாக, தானாகவே வந்திருக்கிறது. அண்ணனுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்டது. நிறுவனத்தை இத்தனை வருடம் திட்டியதற்குக்கூட அந்த நிமிடத்தில் வருத்தப்பட்டார்.

அவரைப் பார்க்க அடுத்து வந்தவர்கள் போலீஸ்காரர்கள்.

பெருந்துறை நால்ரோட்டில் அவருடைய கார் ஒரு ஸ்கூட்டரை இடித்திருந்தது. ஓட்டிவந்தவள் ரிஸ்வானா, இருபத்தெட்டு வயது, அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. மாவட்டக் கைப்பந்துக் குழுவில் ஆடியவள். அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதே மருத்துவமனையில், இரண்டு மாடி கீழே படுத்திருந்தாள். இடித்த கார் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்றும், ஓட்டியவன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றும் வாக்குமூலம் கொடுத்திருந்தாள்.

தூங்கிக்கொண்டே ஓட்டியவர். சென்னியப்பனை எந்தச் சொல்லால் குத்தினால் ஆழமாக இறங்குமோ அந்தச் சொல். மறுநாள் செய்தித்தாளில் அதுவே தலைப்பாக வந்தது.

அவர் நடந்ததைச் சொன்னார். வாகை நிறுவனத்திடம் போலீஸ் விளக்கம் கேட்டது. பதில் உடனே வந்தது. எட்டு வருடமாக எதற்கும் இவ்வளவு சுருக்காக அவர்கள் பதில் சொன்னதில்லை. தன்னோட்டம் என்னும் வசதி இதுவரை எந்த வண்டிக்கும் வழங்கப்படவில்லை, விபத்து நேரத்தில் வண்டி முழுக்க முழுக்க ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இருந்தது, அவர் கைகள் ஸ்டியரிங்கில் இருந்ததாகவே பதிவாகியிருக்கிறது, அவருக்கு நினைவு தப்பியது மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகுதான் என்றார்கள். கூடவே சென்னியப்பனுடைய துண்டுப்படத்தையும் இணைத்திருந்தார்கள். இந்த வண்டி தானாக ஒரு முழம்கூட நகராது. அவரே சொன்னது, அவருடைய குரலிலேயே.

இன்ஸ்பெக்டர் அதை அவருக்குப் போட்டுக் காட்டினார். இத்தனை வருடம் உண்மையைக் கத்தியதற்கு, கத்தியதையே கயிறாகத் திரித்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள்.

சுகந்தி யாரிடமும் சொல்லாமல் கீழ்மாடிக்குப் போய் ரிஸ்வானாவைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் அவளை வெளியே போகச் சொன்னாள். வார்டே திரும்பிப் பார்த்தது. சுகந்தி வாசலில் நின்று, அவர் தூங்கவில்லை, செத்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீடு திரும்பிய சில வாரங்களில் வாகை நிறுவனத்திலிருந்து ஒரு பெண் சுகந்திக்குத் தொலைபேசியில் பேசினாள். பெயர் வர்ஷிதா. கோயம்புத்தூர் அலுவலகத்தில் மென்பொருள் பொறியாளர். அவினாசியில் ஒரு பேக்கரியில் மூவரும் சந்தித்தார்கள். வர்ஷிதா தேநீரைத் தொடவே இல்லை.

அவள் சொன்னது இதுதான். தன்னோட்டம் எப்போதோ தயாராகிவிட்டது. எல்லா வண்டிகளிலும் அது இருக்கிறது. திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். மனிதர் ஓட்ட ஓட்ட, தானாக இருந்தால் என்ன செய்திருக்கும் என்று உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வரும்.

"அப்பறம் ஏன் அம்மணி குடுக்கல?" என்றார் சென்னியப்பன். "எங்களுக்கு மட்டும் ஏன் பொங்கப் பானை?"

"குடுத்த நிமிஷத்துல இருந்து வண்டிய ஓட்டறது கம்பெனிதானுங்க சார். எங்க எது இடிச்சாலும் டிரைவர் கம்பெனி. லட்சம் வண்டி ஓடுது. அத்தனைக்கும் பொறுப்பேத்து ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. இல்லைன்னு சொன்னா புது வண்டி விக்காது. அதான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்."

"அன்னிக்கு மட்டும் எப்படி ஓடுச்சு?"

வர்ஷிதா கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன்களைப் பார்த்தபடியே சொன்னாள். ஓட்டுநர் மயங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்தப் பகுதியை எழுதியவள் அவள்தான். ஓரமாக நிறுத்தினால் உள்ளே இருப்பவர் அங்கேயே சாவார் என்று அவளுக்குத் தோன்றியது. பெல்ட்டில் உள்ள உணரி நாடித்துடிப்பு சரிவதைக் காட்டினால் பக்கத்து மருத்துவமனைக்குப் போ என்று ஒரு வரி சேர்த்தாள். சோதனைக்காகச் சேர்த்ததை எடுக்க மறந்ததாக இப்போது அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையில் மறக்கவில்லை.

"வழியில ஒரு ஆளு விழுந்தா என்ன செய்யணும்னு நான் எழுதலைங்க" என்றாள். "அத யோசிக்கவே இல்ல."

விபத்துக்கு மறுநாளே அந்த வரியை எல்லா வண்டிகளிலிருந்தும் அழித்துவிட்டார்கள். பதிவுகளும் மாறிவிட்டன. நீதிமன்றத்துக்கு வந்து சொல்வாயா என்று சுகந்தி கேட்டாள். வர்ஷிதா தலையசைத்தாள். வருவதாகவும் இல்லை, மாட்டேன் என்பதாகவும் இல்லை. அதற்குப் பிறகு அவளுடைய எண் வேலை செய்யவில்லை. நிறுவனம் அவளைப் புனேவுக்கு மாற்றிவிட்டதாகத் தெரிந்தது.

சென்னியப்பன் நேராக ரிஸ்வானாவின் வீட்டுக்குப் போனார். அடித்தாலும் வாங்கிக்கொள்வதென்று போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். முகம் இறுகியிருந்தது. கடைசியில் அவள் பேசியது அவர் எதிர்பார்க்காதது.

"இண்டிகேட்டர் போட்டுச்சுங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"என்னை இடிச்சதும் நின்னுச்சு. நான் கீழ கெடக்கறேன். கொஞ்சம் பின்னால போச்சு. வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, என்னச் சுத்திகிட்டு, மெதுவா, என் துப்பட்டா மேலகூட ஏறாம போச்சு. தூங்கறவன் அப்படிப் போவானான்னு ஆஸ்பத்திரியில தெனமும் யோசிச்சேன். பைத்தியம்னு சொல்வாங்கன்னு வெளிய சொல்லல." வெட்டிய காலின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்ப அது என்னப் பாத்துருக்கு. பாத்து, கணக்குப் போட்டு, உட்டுட்டுப் போயிருக்கு. உள்ள இருந்தவரு அதுக்குச் சொந்தம். நான் ரோட்டுல கெடந்த சாமான்."

சென்னியப்பனுக்கு அன்றுதான் தன் உயிர் யாருடைய காலில் ஏறி வந்தது என்று உறைத்தது. மேற்கூரையைப் பார்த்து அழுத ஆனந்தக் கண்ணீரை நினைத்து அவருக்கு நாக்கு கசந்தது.

வழக்கு ஈரோட்டில் நடந்தது. ரிஸ்வானாவுக்கும் நல்லதாக ஒரு வழி சொல்ல நினைத்து, சென்னியப்பனின் வக்கீல் மயிலானந்தம் அவளைத் தனியாக எச்சரித்தார். அவர் ஓட்டினார் என்று அவள் சொன்னால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும். வண்டி தானாக ஓடியது என்று சொன்னால், மனிதர் ஓட்டும் வண்டிக்குத்தான் காப்பீடு என்று அவர்கள் கழன்றுகொள்வார்கள். வாகையோ, அப்படி ஒரு வசதியே இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. நல்ல செயற்கைக் கால் வாங்கக்கூட வழியிருக்காது.

ரிஸ்வானா கூண்டில் ஏறி இண்டிகேட்டர் போட்டதைச் சொன்னாள். துப்பட்டாவைச் சொன்னாள். கண் மூடிக் கிடந்தவரைச் சொன்னாள். வண்டியை இவர் ஓட்டவில்லை என்றாள்.

மயிலானந்தம் சொன்னபடியே நடந்தது. காப்பீட்டு வக்கீல் எழுந்து, சாட்சியை முழுமையாக ஏற்கிறோம், ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார். வாகையின் வக்கீல் எழுந்து, சாட்சி அதிர்ச்சியில் எதையோ கண்டதாக நினைக்கிறார் என்றார். இருவரும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதை சென்னியப்பன் பார்த்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம்கூட இல்லை. வேலை முடிந்தவர்களின் சிரிப்பு.

மதிய இடைவேளையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நீதிமன்றம் மறுபடி கூடியதும் எழுந்து, மயிலானந்தம் தோளைப் பிடித்து அழுத்தியதையும் மீறி, சத்தியம் செய்து சொன்னார்.

"நான்தானுங்க ஓட்டுனேன். தூங்கிட்டேன்."

கேட்டுக்கொண்டிருந்த சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூங்கிட்டேன் என்று சொல்லும்போது அவருக்குக் குரலே எழும்பவில்லை என்பதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

வழக்கு அத்துடன் முடிந்தது. ஓட்டுநர் உரிமத்தை நிரந்தரமாகப் பறித்தார்கள். சிறைத் தண்டனையை உடல்நிலை கருதி நிறுத்திவைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கட்டியது. ரிஸ்வானா செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள்.

அவள் நன்றி சொல்லவில்லை. நீதிமன்ற வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்களுக்காகத்தான் உண்மையச் சொன்னேன்னு நெனச்சீங்களா? நான் எனக்காகச் சொன்னேன். என்னை ஒரு வண்டி பாத்துட்டே உட்டுட்டுப் போச்சுன்னு ஊருக்குத் தெரியணும்னு சொன்னேன். அதப் பொய்யாக்கிட்டீங்க. கம்பெனிக்காரன் சொன்னதையே நீங்களும் சொல்லிட்டீங்க." அவள் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி ஆட்டோவரை தனியாகவே நடந்து போனாள். சுகந்தி உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

சென்னியப்பன் சங்கத்திலிருந்து விலகினார். சங்கத்துக்காரர்களும் அவரைத் தடுக்கவில்லை. இவரால் நம் கோரிக்கைக்கே கெட்ட பெயர் என்றார்கள். கார் கொட்டகையில் நின்றது. அவர் பஸ்ஸில் திருப்பூர் போய்வந்தார்.

மேல்முறையீட்டுக்கான காலமும் கடந்து, எல்லாம் ஆறிப்போன பிறகு வந்த பொங்கலில், தலைவர் மறுபடி மேடையேறினார். இந்த முறை 'அடுத்த ஆண்டு' என்று சொல்லவில்லை. இன்றே என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சட்டத்துறையினர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தன்னோட்டத்தைத் திறக்கும்போது திரையில் ஓர் ஒப்பந்தம் வரும். அதன்படி, வண்டி தானாக ஓடினாலும், இருக்கையில் இருப்பவரே எல்லா நேரத்திலும் ஓட்டுநராகக் கருதப்படுவார். ஈரோட்டில் ஏற்கெனவே அப்படித்தானே தீர்ப்பாகியிருந்தது. மக்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே 'சம்மதம்' என்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவர் குரலைத் தணித்து, உங்களுக்கு ஓர் உண்மைப் பயணத்தைக் காட்டப் போகிறேன் என்றார். மாரடைப்பால் நினைவிழந்த ஒருவரை, பெயர் சொல்ல விரும்பவில்லை, எங்கள் வண்டி காப்பாற்றிய பயணம்.

திரையில் வண்டியின் முன்கண் பார்த்த காட்சி ஓடியது. நெடுஞ்சாலை. இறக்கம். சர்வீஸ் ரோடு. ஒரு பெட்ரோல் பங்க். கடைவீதி. சென்னியப்பன் அந்தப் பயணத்தில் இருந்தவர், ஆனால் அதைப் பார்த்ததே இல்லை.

"ஏனுங்க" என்றாள் சுகந்தி. "இது பெருந்துறைங்க."

பஸ் நிலையம் வந்தது. நால்ரோடு வந்தது. அங்கே காட்சி சட்டென்று வெட்டுப்பட்டு, ஓர் இதயம் துடிப்பதுபோல் படம் வந்தது. அடுத்து மருத்துவமனை வாசல். வெள்ளுடை அணிந்தவர்கள் ஓடி வந்தார்கள். அரங்கில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சென்னியப்பன் எழுந்து நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று சுகந்தி பயந்தாள். அப்போது தொலைபேசி அடித்தது. ரிஸ்வானா. நீதிமன்ற வாசலுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியதே இல்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி ஓரத்துல நான் இருக்கேன்" என்றாள். "நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஸ்கூட்டரோட நிக்கறேன். ரெண்டு காலோட."

மறுநாளே மூவரும் மயிலானந்தத்திடம் போனார்கள். அவர் படத்தைப் பலமுறை பார்த்தார். வாகைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், படமே சாட்சி என்றார். பிறகு சென்னியப்பனைப் பார்த்து, இந்த வழக்குக்கு முதல் முட்டுக்கட்டையே நீங்கள்தான் என்றார். நான்தான் ஓட்டினேன் என்ற உங்கள் சத்தியம் பதிவில் இருக்கும்வரை வண்டி தானாக ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. அதை மாற்றிச் சொன்னால் பொய்ச் சத்தியம். இந்த முறை சிறையை நிறுத்திவைக்க மாட்டார்கள். ரிஸ்வானா வாங்கிய இழப்பீட்டையும் திருப்பிக் கேட்கலாம்.

ரிஸ்வானா கேட்கட்டும் என்றாள். காலைக் கழற்றி மேசை மேல் வைக்கிறேன், எடுத்துக்கொண்டு போகட்டும் என்றாள்.

சென்னியப்பன் சுகந்தியைப் பார்த்தார். அவள், மாத்திரைகளை ஜெயிலில் வேளாவேளைக்குக் கொடுப்பார்களா என்று வக்கீலிடம் கேட்டாள். அதுதான் அவள் சம்மதம்.

"நான் பொய் சொன்னேன்னு எழுதுங்க" என்றார் சென்னியப்பன். "மொதல் வரியிலயே எழுதுங்க."

சென்னையில் வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நீதிபதி அவரிடம் கடுமையாகத்தான் பேசினார். ஒரு நீதிமன்றத்தை ஏமாற்றியதற்கு விளைவு உண்டு என்றார். சென்னியப்பன் தெரியுமென்று தலையாட்டினார். தூங்கவில்லை என்பதை மட்டும் பதிவில் ஏற்றும்படி கேட்டுக்கொண்டார். நீதிபதி அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிறகு அந்தப் படத்தை ஓடவிட்டார்கள். நால்ரோடு வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார் நீதிபதி. உறைந்த திரையின் ஓரத்தில் மஞ்சள் ஸ்கூட்டரோடு ஒரு பெண் நின்றாள். அதே பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாகையின் வக்கீல் பக்கம் திரும்பினார்.

"உங்கள் நிறுவனமே வெளியிட்ட படம் இது. இந்த இடத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது யார்?"

வக்கீல் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் காதோரம் ஏதோ சொன்னார். இன்னொருவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதற்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார்.

ரிஸ்வானாவிடமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. நீதிமன்றம் என்பதை மறந்த, உரத்த, நல்ல கோபமுள்ள சிரிப்பு. யாரும் அவளை அடக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவகாசம் இல்லை" என்றார். "நின்றுகொண்டே சொல்லுங்கள்."